பாராட்டைத் திருப்பிக் கொடுக்காமல் இருக்கப் பழகினேன்

வீடு தண்டையார்பேட்டையில், வேலை பாரிமுனையில், பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருவர். யாராவது என்னை நல்லதாக ஒரு வார்த்தை சொன்னால் உடனே குறையை எடுத்து நீட்டுவேன். காசிமேட்டு வஞ்சிரத்தில் குழம்பு வைத்துக் கொடுத்தபோது பக்கத்து வீட்டு அக்கா, “சூப்பரா இருக்கும்மா” என்றார். “புளி தூக்கலாயிடுச்சுக்கா, அவசரத்துல வெச்சது” என்றேன். ஆசையாகச் சொன்னவருக்கு அதற்குமேல் பேச ஒன்றுமில்லை. பிறகு ஒருநாள் என் மகளும் தன் கோலத்தைப் பாராட்டியவரிடம், “இல்ல ஆன்ட்டி, ஒரு பக்கம் கோணல்” என்றாள். அதுதான் என்னை உலுக்கியது.

இப்போது யாராவது பாராட்டினால் “தேங்க்ஸ்க்கா” என்று சொல்லிவிட்டு, கையோடு ஒரு கேள்வி கேட்கிறேன்: “இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?” குறை சொல்ல வாய்க்கு இடமே கிடைப்பதில்லை.

குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான டொனால்ட் வினிகாட் 1953-இல் ‘போதுமான அளவுக்கு நல்ல தாய்’ பற்றி எழுதினார். கைக்குழந்தையின் தேவைக்கு ஏறக்குறைய முழுமையாக ஈடுகொடுக்கும் தாய், குழந்தை வளர வளர அந்த ஈடுகொடுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறாள். சின்னச் சின்ன ஏமாற்றங்களைத் தாங்கக் குழந்தையும் கற்றுக்கொள்கிறது. எதற்கெடுத்தாலும் தன் குறையையே பார்க்கும் எனக்கு இது பெரிய ஆறுதல். சாப்பாடு, தூக்கம், கூப்பிட்டால் காது கொடுப்பது, இவற்றில் விட்டுக்கொடுப்பதில்லை. யூனிஃபார்மை உதறிக் காயப்போட்டு மடித்தால் போதும், இஸ்திரி வேண்டாம். இரவுப் பாத்திரம் சிங்க்கில் கிடக்கட்டும்.

அலுவலகத்தில் பாராட்டை வாங்கிக்கொள்வதில்தான் இன்னும் கொஞ்சம் தடுமாற்றம். அங்கே “நன்றி சார், ரொம்ப மெனக்கெட்டு செஞ்சேன்” என்று உழைப்பையும் சேர்த்தே சொல்கிறேன்.