மழைக்கு முன்னால் கடலையும் எள்ளும்

பர்மாவில் மேக்வே பக்கமிருந்து வரும் எள்ளும் நிலக்கடலையும் வறண்ட சீமையில் விளைந்தவை, நம் பெகு, ரங்கூன் ஈரக்காற்று அதுகளுக்கு ஆகாது. மே நடுவில் மழை பிடிக்கும் முன்பே காயவைத்து முடித்துவிடுங்கள். கடலையை உடைக்காமல் ஓட்டோடு வையுங்கள், அதுவே பாதி காவல். காதருகே குலுக்கினால் பருப்பு கலகலவென்று ஆட வேண்டும், ஈரம் 8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, எள்ளுக்கு 6. வெயிலில் காய்ந்ததைச் சூட்டோடு மூட்டை கட்டினால் உள்ளே வேர்த்துவிடும் (நான் அவசரப்பட்டு ஒருமுறை கட்டி, மூட்டையோடு குப்பையில் கொட்டினேன்). சாக்கைத் தரையில் போடாமல் மரச்சட்டத்தின் மேல், சுவரைத் தொடாமல் அடுக்குங்கள். அப்புறம், பூசணம் பிடித்த பருப்பைப் பார்த்தால் யோசிக்காமல் பொறுக்கி எறியுங்கள், அதிலுள்ள அஃப்ளாடாக்சின் நஞ்சு வறுத்தாலும் முழுதாகப் போகாது, செக்கில் ஆட்டினால் எண்ணெயிலும் கொஞ்சம் இறங்கும்.