மலையகத்தில் எந்த அளவு டிஷ் பூட்டுவது?

செய்மதித் தொலைக்காட்சியில் கேயு பாண்ட் (Ku, சிறிய டிஷ்ஷில் பிடிக்கும் உயர் அதிர்வெண் அலைவரிசை) சேவைக்கு வெயில் நாளில் 60 சென்ரிமீற்றர் டிஷ் போதும். ஆனால் ஹட்டன், மஸ்கெலியா பக்கம் தென்மேல் பருவமழை பிடித்தால் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும். காரணம் பனிமூட்டம் அல்ல, மழைத்துளிகள். அங்கே 90 சென்ரிமீற்றரே சரி: பரப்பு 2.25 மடங்கு, சிக்னலும் அதே மடங்கு, அதாவது ஏறக்குறைய 3.5 டெசிபெல் கூடும். அடைமழையில் அதிலும் படம் சற்றுநேரம் போகலாம்.

சி பாண்ட் (C, கேயுவைவிடக் குறைந்த அதிர்வெண் அலைவரிசை) என்றால் பொதுவாக 6 அடி டிஷ்ஷாவது வேண்டும்.

டிஷ் பெரிதாகப் பெரிதாக அது பார்க்கும் கோணம் குறுகும். 90 சென்ரிமீற்றர் டிஷ்ஷுக்கு அது சுமார் 2 பாகைதான். காற்றில் கொஞ்சம் அசைந்தாலே சிக்னல் போய்விடும். ஆகவே லயத்துத் (தோட்டத்து வரிசை வீட்டுத்) தகரக் கூரையில் பூட்டவே வேண்டாம். 2 அங்குல ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயை நிலத்தில் 2 அடி ஆழத்தில் கொங்கிறீட் போட்டு, மட்டம் வைத்து நேர்குத்தாக நிறுத்துங்கள். மரக்கிளை மறைத்தால் எந்த அளவு டிஷ்ஷும் உதவாது.