குரூப் 2, குரூப் 4 புவியியல்: மேப்பிலிருந்து தொடங்குங்கள்

டிஎன்பிஎஸ்சி குரூப் தேர்வுக்குப் புதிதாகப் படிக்க உட்காருகிறவர்கள் வரலாறு, அரசியலமைப்பு எல்லாம் முடித்துவிட்டு, நேரம் மிஞ்சினால் புவியியல் என்று வைத்துக்கொள்கிறார்கள். இதில் எனக்குத் துளியும் உடன்பாடில்லை. காற்று புரிந்தால் மழை புரியும், மழை புரிந்தால் ஆறு, அப்புறம் பயிர், தொழில் என்று ஒன்று இன்னொன்றை இழுத்துக்கொண்டு வரும் பாடம் இது. வரிசை மட்டும் மாறக் கூடாது.

படி 1: புத்தகம்

சமச்சீர் பத்தாம் வகுப்பு சமூக அறிவியலில் புவியியல் பகுதியை முதலில் எடுங்கள். இந்தியாவும் தமிழ்நாடும் அதிலேயே இருக்கின்றன. பாறைக்கோளம், வளிமண்டலம் எல்லாம் ஒன்பதாம் வகுப்பில். ஆறு, ஏழு, எட்டைப் பிறகு புரட்டிக்கொள்ளலாம். கோச்சிங் சென்டர் கைடு முதல் சுற்றில் வேண்டவே வேண்டாம்.

படி 2: மேப்

ஸ்டேஷனரி கடையில் இந்தியா, தமிழ்நாடு அவுட்லைன் மேப் கட்டாக வாங்குங்கள். பிரிண்ட் செய்த வண்ண மேப்பைச் சுவரில் ஒட்டிவைப்பதால் பயனில்லை. கை வரைந்ததுதான் மனதில் நிற்கும். பென்சில், நீலம், பழுப்பு, சிவப்பு போதும்.

முதல் மேப்பில் இரண்டே கோடுகள். ஒன்று கடகரேகை: குஜராத், ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், திரிபுரா, மிசோரம். மேற்கிலிருந்து கிழக்காகக் கை போகும் வழியிலேயே எட்டு மாநிலமும் வந்துவிடும். இன்னொன்று, இந்திய நேரத்துக்கு அடிப்படையான 82°30' கிழக்குத் தீர்க்கரேகை. பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம்; 82.5-ஐ 4-ஆல் பெருக்கினால் 330 நிமிடம், அதாவது கிரீன்விச்சை விட நமக்கு 5 மணி 30 நிமிடம் முன்னால். இந்தக் கணக்கு தெரிந்தால் வேறெந்த ஊரின் நேரத்தைக் கேட்டாலும் போட்டுவிடலாம்.

படி 3: பருவக்காற்று (இங்கே அவசரப்படாதீர்கள்)

எனக்கு ரொம்ப நாள் பிடிபடாமல் இருந்த இடம் இதுதான். தென்மேற்கு, வடகிழக்கு இரண்டையும் ஒரே மேப்பில் போட்டால் அம்புக்குறிகள் குழம்பும். தனித்தனி மேப்பில் போடுங்கள்.

ஜூன் மேப்: மடகாஸ்கருக்குக் கிழக்கே கடலில் உயர் அழுத்தம், வடமேற்கு இந்தியாவில் வெயிலால் தாழ்வழுத்தம் என்று குறியுங்கள். காற்று உயர் அழுத்தத்திலிருந்து தாழ்வழுத்தத்துக்கு வரும். நிலநடுக்கோடு வரை தென்கிழக்கிலிருந்து வருகிற அம்பு, கோட்டைத் தாண்டியதும் பூமியின் சுழற்சியால் வலப்பக்கம் திரும்புகிறது. திரும்பியதால்தான் அது தென்மேற்குக் காற்று. இந்த வளைவை உங்கள் கையாலேயே போட வேண்டும்.

அரபிக்கடல் கிளை மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதிக் கேரளத்தில் கொட்டுகிறது. மலைக்குக் கிழக்கே இருக்கும் நமக்கு மழை மறைவு. வங்கக் கடல் கிளையோ நம் கரைக்கு இணையாக வடக்கே போய், மேகாலயாவின் காசி மலையில் மோதி, பிறகு கங்கைச் சமவெளியில் மேற்காகத் திரும்புகிறது. போகப் போக ஈரம் தீர்வதால் கொல்கத்தாவை விட பாட்னாவிலும், பாட்னாவை விட டெல்லியிலும் மழை குறைவு. ஆரவல்லி இருந்தும் ராஜஸ்தானில் ஏன் மழை இல்லை? அந்த மலை அரபிக்கடல் காற்றுக்குக் குறுக்கே நிற்காமல் அதற்கு இணையாக ஓடுகிறது.

அக்டோபர் மேப்: சூரியன் தெற்கே போகிறது, தாழ்வழுத்தம் வங்கக் கடலுக்கு இறங்குகிறது. காற்று வடகிழக்கிலிருந்து வருகிறது. நிலத்தின் மேல் வரும் வரை வறண்ட காற்று. வங்கக் கடலைத் தாண்டும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு நம் கரையில் கொட்டுகிறது. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவான பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்த மூன்று மாதத்தில்தான் கிடைக்கிறது.

இரண்டு மேப்பையும் புத்தகத்தைப் பார்க்காமல் வரைய வரும் வரை படி 4-க்குப் போகாதீர்கள்.

படி 4: ஆறுகள்

துணையாறுகளைப் பட்டியலாக மனப்பாடம் செய்யாமல் ஆற்றோடு நடந்து போங்கள். காவிரி: தலைக்காவிரி, ஹேமாவதி, கபினி, அர்க்காவதி, மேட்டூர், பவானியில் பவானி ஆறு, அடுத்து நொய்யல், கரூர் அருகே திருமுக்கூடலில் அமராவதி, முக்கொம்பில் கொள்ளிடம் பிரிகிறது. வலக்கரையா இடக்கரையா என்ற கேள்விக்கு, ஆறு பிறந்த இடத்துக்கு முதுகைக் காட்டி, ஓடும் திசையைப் பார்த்து நில்லுங்கள். பவானி, நொய்யல், அமராவதி மூன்றுமே வலக்கைப் பக்கம். கூகுள் எர்த்தில் ஒருமுறை முக்கொம்பைத் தேடிப் பாருங்கள், ஸ்ரீரங்கம் தீவாக நிற்பது பளிச்சென்று தெரியும்.

நர்மதையும் தபதியும் பிளவுப் பள்ளத்தாக்கில் மேற்கே ஓடுகின்றன, டெல்டா கிடையாது. இது அடிக்கடி கேட்கப்படும்.

படி 5: மண், பயிர், தொழில்

இதைத் தனியாகப் படிக்க அநேகமாக ஒன்றுமில்லை. கோவையை எடுங்கள்: சுற்றிலும் பருத்தி விளையும் கரிசல், பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் ஈரக் காற்று, 1930களில் நீலகிரியின் பைகாராவிலிருந்து வந்த நீர்மின்சாரம். மில்கள் ஏன் அங்கே வந்தன என்பதற்கு விடை கிடைத்துவிடும். சிவகாசிக்கும் நெய்வேலிக்கும் இதே மாதிரி நீங்களே எழுதிப் பாருங்கள்.

பிற்சேர்க்கை

கமென்டில் இரண்டு பேர் ஒரே சந்தேகத்தைக் கேட்டிருந்தார்கள்: பஞ்சாபில் குளிர்காலத்தில் பெய்யும் மழை வடகிழக்குப் பருவமழையா? இல்லை. அது மத்தியதரைக் கடல் பக்கம் உருவாகி மேற்கிலிருந்து வரும் 'இடையூறுகள்' என்ற தாழ்வழுத்தங்களால் பெய்வது; அங்கே கோதுமைக்கு அது உயிர். மூன்றாவது மேப் எடுத்து, மேற்கிலிருந்து ஓர் அம்பு தனியாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

கூற்று–காரணம் வகைக் கேள்வியில் தடுமாறுவதாக இன்னொரு தங்கை எழுதியிருந்தார். "ஜூன் முதல் செப்டம்பர் வரை தமிழகக் கடற்கரையில் மழை குறைவு" என்பது கூற்று என்றால், "மழை மறைவுப் பகுதி", "வங்கக் கடல் கிளைக்கு இணையான கரை" இரண்டில் எதைக் காரணமாகக் கொடுத்தாலும் சரிதான். "கடகரேகைக்குத் தெற்கே இருப்பதால்" என்று கொடுத்தால், அந்த வாக்கியம் தன்னளவில் உண்மை, ஆனால் கூற்றுக்கு விளக்கம் அல்ல. கேரளமும் கடகரேகைக்குத் தெற்கேதானே இருக்கிறது, அங்கே கொட்டுகிறதே என்று மேப்பை வைத்துச் சரிபாருங்கள். பழைய வினாத்தாள்களில் இந்த வகைக் கேள்விகளை மட்டும் பொறுக்கி எடுத்து, ஒவ்வொன்றையும் இப்படி இன்னொரு இடத்தோடு ஒப்பிட்டுப் போட்டுப் பாருங்கள்.