கியர் மாற்றும்போது லாரியில் சத்தமா? கியர் பாக்ஸை இறக்கும் முன் இதைப் பாருங்கள்

கியர் மாற்றும்போது சத்தம் வருகிறது என்று பட்டறையில் சொன்னதும் "பாக்ஸை இறக்கிப் பார்த்துடலாம்ணே" என்பார்கள். இறக்கினால் கூலி, வண்டி நிற்கும், கையில் இருக்கிற லோடும் போகும். அதற்கு முன்னால், சத்தம் வந்த நேரத்தில் உங்கள் கால் எந்த மிதியில் இருந்தது என்று கவனியுங்கள். பாதி பதில் அதிலேயே கிடைத்துவிடும்.

சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலில் இன்ஜினை ஐடிலில் விடுங்கள். கிளட்சை மிதிக்காதபோது கரகரவென்று கேட்டு, மிதித்ததும் நின்றால் பாக்ஸுக்குள் இன்புட் ஷாஃப்ட் பேரிங்கோ கவுண்டர் ஷாஃப்ட் பேரிங்கோ போயிருக்கலாம். மிதித்தால்தான் சத்தம் என்றால் முதல் சந்தேகம் ரிலீஸ் பேரிங் மேல், அதாவது மிதிக்கும்போது கிளட்சைத் தள்ளி விடுவிக்கிற பேரிங். அதற்கும் பாக்ஸை இறக்கத்தான் வேண்டும், ஆனால் பிரிக்க வேண்டியதில்லை, பிரிக்கிறேன் என்று சொன்னால் ஏன் என்று கேளுங்கள்.

கியர் விழும்போது கர்ரென்று பல் உரசுகிறதா? கிளட்சை முழுக்க மிதித்து, நாலைந்து விநாடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். ரிவர்ஸுக்குப் பெரும்பாலும் சின்க்ரோ (பல் உரசாமல் வேகத்தைச் சமமாக்கும் பாகம்) கிடையாது, அதனால் அது உண்மையைச் சொல்லிவிடும். அப்போதும் உரசினால் கிளட்ச் முழுசாக விடுபடவில்லை. கிளட்ச் ஆயில் குறைந்திருக்கிறதா, அதன் லைனில் காற்று ஏறியிருக்கிறதா, மிதியில் ஃப்ரீ பிளே (கிளட்ச் வேலை செய்யும் முன் மிதி சும்மா இறங்கும் தூரம்) அதிகமா என்று பாருங்கள். ரிவர்ஸ் சுத்தமாக விழுந்து, ஓட்டத்தில் மூன்றாவது மட்டும் உரசினால் அந்த கியரின் சின்க்ரோ கோன் தேய்ந்திருக்கும்.

அடுத்தது, கிளட்சை விட்டதும் பின்னால் "டக்" என்று அடிக்கிற சத்தம். பாக்ஸ்மேல் பழி விழுவது அதிகம் இதில்தான், ஆனால் பல நேரம் பாக்ஸுக்குச் சம்பந்தமே இருக்காது. இன்ஜினை அணைத்து, கட்டை நன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடியில் போங்கள். பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகிற புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் ஜாயிண்ட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு கை, அந்தப் பக்கம் ஒரு கை வைத்து எதிரெதிராகத் திருகினால், ஜாயிண்ட்டின் நடுவில் இருக்கிற கூட்டல் குறி வடிவ கிராஸில் கொஞ்சம்கூட ஆட்டம் இருக்கக்கூடாது. கப் ஓரத்தில் துரு நிறத்தில் பொடி ஒட்டியிருந்தால் உள்ளே ஊசி பேரிங் காய்ந்துபோயிருக்கிறது. கிரீஸ் அடிக்கும்போது நாலு கப்பிலும் புது கிரீஸ் வெளியே வர வேண்டும், மூன்றில் வந்து ஒன்றில் வரவில்லை என்றால் அந்தக் கிராஸை மாற்றிவிடுங்கள். அப்படியே சென்டர் பேரிங் ரப்பர், பாக்ஸ் மவுண்டிங், யூ போல்ட் எல்லாவற்றையும் ஒரு பார்வை. ஹவுசிங்கில் (பின் ஆக்சில் நடுவில் டிஃப்ரென்ஷியல் இருக்கிற கூடு) லேசான ஆட்டம் இருப்பது இயல்பு, அதைக் காட்டி யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம்.

எந்த கியரிலும் ஒரே ஊளை, வேகத்தோடு ஏறி இறங்குகிறது என்றால் ஹவுசிங் பக்கம் போங்கள். நம்ம சேலத்துக்காரர்களுக்கு ஏற்காடு மலை ரோடு இருக்கிறது. ஏற்றத்தில் இழுக்கும்போது ஊளை, இறக்கத்தில் கியரிலேயே ஆக்சிலேட்டரை விட்டால் அமைதி, அல்லது நேர்மாறாக இருந்தால் ஹவுசிங்குக்குள் இருக்கிற கிரவுன் பினியன் பற்சக்கரங்கள். அந்த 20 கொண்டை ஊசி வளைவுகளில் திரும்பும்போது மட்டும் கடகடவென்றால் டிஃப்ரென்ஷியலுக்குள் இருக்கிற சின்ன பற்சக்கரங்கள், நேராக ஓடும்போது அவை தனியாகச் சுற்றாது. சோதனை என்றுகூட இறக்கத்தில் நியூட்ரல் போடாதீர்கள், ஏற்காடோ தொப்பூர் கணவாயோ.

கடைசியாக பாக்ஸ், ஹவுசிங் இரண்டிலும் ஆயில் வடிக்கிற டிரெயின் போல்ட்டைக் கழற்றுங்கள். காந்தத்தில் சாம்பல் நிறத்தில் மசை மாதிரி ஒட்டியிருந்தால் சாதாரணத் தேய்மானம்தான். விரலில் குத்துகிற சில்லு வந்தால் லோடு ஏற்றாதீர்கள், அப்போது பாக்ஸோ ஹவுசிங்கோ, பிரித்துத்தான் ஆக வேண்டும்.