காசா செய்தியில் ஒருபக்கச் சாய்வைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஒரே நிகழ்வைப் பற்றி ஒரே நாளில் வந்த நான்கு செய்திகளை எடுங்கள்: பிபிசி, ராய்ட்டர்ஸ், கத்தாரின் அல் ஜசீரா, இஸ்ரேலிய நாளிதழ் ஹாரெட்ஸ். தலைப்புகளை மட்டும் தனியே எழுதுங்கள். கொன்றது யார் என்று தலைப்பு சொல்கிறதா? இறந்தவர்களில் யாருக்குப் பெயர், வயது, தொழில் உண்டு, யார் வெறும் எண்ணிக்கை? குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, கூற்று யாருடையது என்று பாருங்கள். அதிகம் பிசகுவது இங்கேதான். 2023 அக்டோபர் 17 அன்று காசாவில் நடந்த அல்-அஹ்லி மருத்துவமனை வெடிப்பை, ஹமாஸ் தரப்புக் கூற்றை வைத்தே பல ஊடகங்கள் இஸ்ரேலியத் தாக்குதல் என்றன. தன் தொடக்கச் செய்தி ஹமாஸ் கூற்றை அளவுக்கு மீறி நம்பியது என்று நியூயார்க் டைம்ஸ் பின்னர் ஆசிரியர் குறிப்பு வெளியிட்டது. 2022 மே 11 அன்று மேற்குக் கரையின் ஜெனினில் செய்தியாளர் ஷிரீன் அபு அக்லே சுட்டுக் கொல்லப்பட்டபோது, பாலஸ்தீனர்களின் தோட்டாவாக இருக்கலாம் என்றது இஸ்ரேல். தன் வீரர் சுட்டிருக்கவே வாய்ப்பு அதிகம் என்று அதன் ராணுவம் செப்டம்பரில்தான் ஒப்புக்கொண்டது.

ஆகவே முதல் 24 மணி நேரச் செய்தியை வைத்து முடிவுக்கு வராதீர்கள். பக்கத்தை, இணையப் பக்கங்களின் பழைய வடிவங்களைப் பாதுகாக்கும் வேபேக் மெஷின் தளத்தில் சேமித்து, ஒரு வாரம் கழித்துத் திருத்தம் வந்ததா என்று ஒப்பிடுங்கள்.

படங்களையும் விடாதீர்கள். ராணுவத்தின் துணையோடு சென்று எடுத்த காட்சி என்றால், செய்தி அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.