வெளியூர் ஆட்டத்துக்கு அணியைக் கூட்டிப்போவது எப்படி?

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து அணிகளில் டைரக்டர் ஆஃப் ஆபரேஷன்ஸ் என்றொரு பதவி உண்டு. ஆட்டத்தைப் பயிற்சியாளர் பார்த்துக்கொள்வார். பஸ், ஓட்டல், சாப்பாடு, கணக்கு எல்லாம் இவர் தலையில். அந்தப் பதவியில் நீங்கள் இருந்தால் இதைக் கவனியுங்கள்.

பயணத் திட்டத்தை ஆட்டம் தொடங்கும் நேரத்திலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். இரவு 7 மணி ஆட்டமா? ஓட்டலிலிருந்து பஸ் 5:15க்கு. வயிறு கனக்காமல் ஆட, சாப்பாடு 3 மணிக்கே முடிய வேண்டும். ஷூட்டரவுண்ட் எனும் லேசான பயிற்சி காலை 11க்கு. ஒவ்வொரு நேரத்துக்கும் பக்கத்தில் அது எந்த ஊர் நேரம் என்று குறியுங்கள். இண்டியானா மாநிலத்துக்குள்ளேயே டெர்ரே ஹோட்டில் கிழக்கு நேரம், எவன்ஸ்வில்லில் அதற்கு ஒரு மணி நேரம் பின்தங்கிய மத்திய நேரம். இரண்டு ஊரிலும் டிவிஷன் 1 எனும் உச்சப் பிரிவில் ஆடும் கல்லூரி அணி இருக்கிறது!

பலரும் கோட்டைவிடுவது பஸ் ஓட்டுநர் விஷயத்தில். 8 மணி நேரத் தொடர் ஓய்வுக்குப் பிறகு அவர் அதிகபட்சம் 10 மணி நேரம்தான் ஓட்டலாம். பணியில் 15 மணி நேரம் ஆகிவிட்டால் அப்புறம் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது. இது அமெரிக்க மத்திய அரசின் விதி, கெஞ்சினாலும் நடக்காது. காலைப் பயிற்சிக்கும் அவரையே எழுப்பிவிட்டு, ஆட்டம் முடிந்ததும் நெடுந்தூரம் திரும்பலாம் என்று கணக்குப் போட்டால் பாதி வழியில் பஸ் நின்றுவிடும். பஸ் பேசும்போதே மாற்று ஓட்டுநரையும் கேட்டுவிடுங்கள்.

சீசனில், கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் விதிப்படி பயிற்சி நாளுக்கு அதிகபட்சம் 4 மணி நேரம், வாரத்துக்கு 20 மணி நேரம். வாரம் ஒரு நாள் விடுமுறை. ஆட்ட நாள் எவ்வளவு நீண்டாலும் 3 மணி நேரம் என்றே பதிவாகும். பதிவேட்டை அன்றன்றே எழுதுங்கள். வாரக்கடைசியில் நினைவிலிருந்து எழுதினால் கணக்கு உதைக்கும்.

சாப்பாட்டுப் பணத்தை வீரர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டே கொடுங்கள். அணி சாப்பாடு போட்ட வேளைக்குப் பணமும் கொடுக்காதீர்கள்.

அரங்கில் முதல் வேலை, புள்ளிகளைப் பதிவு செய்யும் ஸ்கோரர் மேசை. ஆட்டத்துக்கு 10 நிமிடம் முன்பாவது பெயர்கள், எண்கள், தொடங்கும் ஐவர் பட்டியல் போய்விட வேண்டும். ஒரு எண் தப்பினாலும் டெக்னிக்கல் ஃபவுல், அதாவது எதிரணிக்கு இலவச வீச்சு தரும் தண்டனை. அந்தப் பழி பயிற்சியாளர் மேல் விழாது, உங்கள் மேல்தான். பையில் பெயரில்லாத உபரி ஜெர்சி ஒன்று இருக்கட்டும். ரத்தம் ஊறிய ஜெர்சியோடு ஆடவிட மாட்டார்கள். எண் மாறினால், ஸ்கோரரிடம் சொல்லிவிட்டே வீரரை உள்ளே அனுப்புங்கள்.