பைபோலாரோடு வாழும்போது பணத்தையும் கடனையும் கையாள்வது எப்படி

பைபோலார் என்பது, மனம் அளவுமீறி எழும் காலமும் ஆழ்ந்த மனச்சோர்வுக் காலமும் மாறிமாறி வரும் மனநோய். அந்த எழுச்சிக்குத்தான் மேனியா என்று பெயர். அளவுமீறிச் செலவழிப்பதும், யோசிக்காமல் தொழிலில் பணத்தைக் கொட்டுவதும் மேனியாவின் அறிகுறிகள் என்று, மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் டிஎஸ்எம்-5 கையேடே (2013) சொல்கிறது. பைபோலார் உள்ளவரின் கடனைப் பொறுப்பின்மை என்று பார்க்கிறவர்கள் இதை அறிந்துகொள்ள வேண்டும். அறிகுறி என்பதால்தான், "இனிமேல் கவனமாக இருப்பேன்" என்ற உறுதிமொழியை நம்பித் திட்டம் போட முடியாது. எழுச்சி வரும்போது அந்த உறுதிமொழியே தேவையற்றதாகத் தோன்றிவிடும். மனம் நிதானமாக இருக்கும் வாரங்களிலேயே, பணத்துக்கும் கைக்கும் நடுவே இடைவெளியை உண்டாக்கி வைத்துவிட வேண்டும்.

மாதக் கணக்கு போதாது, வாரக் கணக்கு வேண்டும்

மேனியா என்று சொல்ல, அறிகுறிகள் பொதுவாக ஒரு வாரமாவது நீடிக்க வேண்டும். அதைவிட மிதமான ஹைப்போமேனியாவுக்கு 4 நாள் போதும். கார்டு பில் மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறது. அது வந்து சேரும் நேரத்தில் எழுச்சி அடங்கி மனச்சோர்வு பிடித்திருக்கலாம். அப்போது பில்லைத் திறந்து பார்க்கவே மனம் வராது. செலவு நடந்த காலமும் அது தெரியவரும் காலமும் இப்படி விலகி நிற்பதால்தான் பலருடைய கடன் கண்ணில் படாமலேயே வளர்கிறது.

வாரத்தில் ஒரு நாள், ஒரே நேரத்தில், 20 நிமிடம் ஒதுக்குங்கள். ஒரு சாதாரண நோட்டில் ஐந்து எண்களை மட்டும் எழுதினால் போதும்: கணக்கில் உள்ள இருப்பு, அந்த வாரம் செலவான தொகை, எத்தனை முறை பணம் கட்டினீர்கள், அதில் இரவு 11 மணிக்கும் காலை 5 மணிக்கும் இடையே எத்தனை, சராசரியாக எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள். கடைசி இரண்டும்தான் முக்கியம். தூக்கம் குறைந்தும் களைப்பே தெரியாமல் இருப்பது எழுச்சியின் பழக்கமான முன்னறிவிப்பு. வழக்கமாக 7 மணி நேரம் தூங்குபவர் தொடர்ந்து இரண்டு மூன்று இரவு 4 மணி நேரத்தோடு எழுந்துகொண்டு, நள்ளிரவுச் செலவும் கூடியிருந்தால், தொகை சிறியதாக இருந்தாலும் மருத்துவரைக் கூப்பிட வேண்டிய நேரம் அது.

பட்ஜெட் போடும்போது, கடந்த ஓராண்டில் மிகக் குறைவாகச் சம்பாதித்த மாதத்தை அடிப்படையாக வையுங்கள். உற்சாகமான மாதத்தில் கூடுதல் வேலை பார்த்து ஈட்டியதை வழக்கமான வருமானமாகக் கணக்கிட்டால், அடுத்த சோர்வில் தவணை தவறும். பட்ஜெட்டின் முதல் வரி வாடகை, இரண்டாம் வரி மருந்தும் மருத்துவரும் ரத்தப் பரிசோதனையும். பைபோலாருக்குத் தரப்படும் லித்தியம் மருந்தை எடுப்பவர்களுக்கு, ரத்தத்தில் அதன் அளவைப் பார்ப்பது தவிர்க்க முடியாத செலவு. பணம் மிச்சமாகும் என்று மருந்தை நிறுத்துவதைப்போல நஷ்டமான சிக்கனம் வேறில்லை.

மூன்று கணக்குகள்

சம்பளம் வந்து விழும் முதல் கணக்கிலிருந்து வாடகை, மின்சாரம், காப்பீடு, கடன் தவணை ஆகியவை தானாகப் பிடித்தமாகட்டும். பிடிக்கும் நாளைச் சம்பள நாளுக்கு இரண்டு மூன்று நாள் தள்ளி வையுங்கள். அதே நாளில் வைத்தால், சம்பளம் ஒருநாள் தாமதமானால்கூட, இருப்பில்லாமல் தவணை திரும்பி அபராதம் விழும். இந்தக் கணக்கின் கார்டு உங்கள் பர்ஸில் இருக்கக் கூடாது.

இரண்டாவது, கைச்செலவுக் கணக்கு. முதல் கணக்கிலிருந்து வாரத்துக்கு ஒருமுறை மட்டும் ஒரே தொகை இதற்குப் போகும். போனில் இருக்கும் பணம் கட்டும் செயலிகள் எல்லாம் இதனோடு மட்டும் இணைந்திருக்கட்டும். எழுச்சி வந்தாலும் ஒரு வாரப் பணத்துக்கு மேல் சேதமில்லை. இந்தத் தொகையை மிகவும் இறுக்கிவிடாதீர்கள். மனதுக்குப் பிடித்ததை வாங்க ஒரு பங்கு இருக்கட்டும். அதுகூட இல்லையென்றால் யாருக்கும் தெரியாமல் புதிய கார்டோ உடனடிக் கடன் செயலியோ தேடிப் போவதில்தான் முடியும்.

மூன்றாவது, சேமிப்பு. முடிந்தால் மூன்று மாத நிலையான செலவு. இதை வேறொரு வங்கியில், போன் செயலி இல்லாமல், எடுக்க நேரில் போக வேண்டிய விதத்தில் வையுங்கள். இரண்டு கையெழுத்து இருந்தால்தான் எடுக்க முடியும் என்ற கூட்டுக் கணக்கு இன்னும் பாதுகாப்பு.

எந்தப் பூட்டு உதவும், எது உதவாது

ஒரே நிமிடத்தில் நீங்களே திறந்துவிடக்கூடிய பூட்டு பூட்டே அல்ல. செயலியில் ஆன்லைன் பயன்பாட்டை நிறுத்திவைப்பது நல்லதுதான், ஆனால் அதே விரலால் மறுபடி திறந்துவிடலாம். அதனால் வங்கியில் இப்படிக் கேளுங்கள்: கார்டு வரம்பை நிரந்தரமாகக் குறைக்க முடியுமா? திரும்பக் கூட்ட வேண்டுமானால் எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டுமா? சூதாட்டத் தளங்களுக்குப் போகும் பணத்தை மட்டும் தடுக்கும் வசதி உண்டா? அதை நீக்கச் சொன்னால் உடனே நீங்குமா, காத்திருப்பு நேரம் இருக்கிறதா? "உங்களுக்கு வரம்பு உயர்த்தப்பட்டுள்ளது" என்ற சலுகை இனி வரவே கூடாது என்றும் எழுதிக் கொடுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது: எல்லா வாங்கும் தளங்களிலும் சேமித்து வைத்த கார்டு விவரங்களை அழித்துவிடுங்கள், உலாவியில் தானாக நிரப்பும் வசதியையும் சேர்த்து. பலர் செயலியில் மட்டும் அழித்துவிட்டு உலாவியை மறந்துவிடுகிறார்கள். குறிப்பிட்ட தொகைக்கு மேல் எதை வாங்குவதானாலும் இரண்டு இரவு முழுத் தூக்கத்துக்குப் பிறகுதான் என்று விதி வையுங்கள். 48 மணி நேரம் என்று வைத்தால், தூங்காமலேயே கடந்துவிடலாம். தூக்கத்தை அளவுகோலாக வைப்பதன் பலன் இதுதான்.

பொருள் வாங்குவதை மட்டும் கவனித்தால் போதாது. எழுச்சியில் மனம் தாராளமாகிவிடும். கேட்டவர்களுக்கெல்லாம் கடன் கொடுப்பது, பிறர் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுவது, வேலையை விட்டுவிட்டுத் தொழில் தொடங்குவது எல்லாம் கார்டு செலவைவிடப் பெரிய பள்ளம். கையெழுத்து போடும் எதுவும் நம்பிக்கைக்குரிய ஒருவர் படித்த பிறகே என்று உங்கள் விதியில் தனியாக எழுதுங்கள்.

எழுத்தில் ஓர் உடன்பாடு

கணவன், மனைவி, அக்கா, நண்பர் என்று நீங்கள் நம்பும் ஒருவரோடு, மனம் சமநிலையில் இருக்கும்போது உட்கார்ந்து ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதுங்கள். அவருக்கு ரகசிய எண்ணைக் கொடுக்கத் தேவையில்லை. குறிப்பிட்ட தொகைக்கு மேல் செலவானால் அவர் போனுக்கும் தகவல் போகும்படி செய்தாலே பாதி வேலை முடிந்தது. உடன்பாட்டில் இவை தெளிவாக இருக்கட்டும்: எந்த அறிகுறிகளைக் கண்டால் அவர் பேசலாம், என்ன வார்த்தையில் பேச வேண்டும், கார்டை எப்போது அவரிடம் கொடுப்பீர்கள், எப்போது திரும்பக் கிடைக்கும்.

வார்த்தையை முன்கூட்டியே முடிவு செய்வது சிறிய விஷயமாகத் தோன்றும், ஆனால் சண்டை அங்கேதான் தொடங்குகிறது. "மறுபடியும் ஆரம்பிச்சுட்டியா?" என்று கேட்டால் கதவு மூடிக்கொள்ளும். "நேத்து ராத்திரி நாலு பில் வந்திருக்குப்பா, தூக்கம் எப்படி இருக்கு? நோட்டை ஒருமுறை சேர்ந்து பார்ப்போமா?" என்றால் பேச்சு நீளும். திரும்பக் கொடுக்கும் நாளை எழுதாத உடன்பாடு, உதவி என்ற பெயரில் அதிகாரமாகிவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இருவரும் படித்துத் திருத்துங்கள். உங்கள் சார்பில் ஒருவர் சட்டப்படி பணத்தைக் கையாளும் அதிகாரப் பத்திரம் நாட்டுக்கு நாடு வேறுபடும் என்பதால், அதை வழக்கறிஞரிடம் கேட்டே செய்யுங்கள்.

மருந்து பற்றியும் ஒன்று. பைபோலாருக்கும் தரப்படும் அரிபிப்ரசோல் மருந்தை எடுக்கும் சிலருக்குச் சூதாட்டம், பொருள் வாங்குதல் போன்றவற்றில் அடக்க முடியாத உந்துதல் வரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016-இல் எச்சரித்தது. மருந்தைக் குறைத்தபோதோ நிறுத்தியபோதோ அந்த உந்துதல் நின்றதாகவும் சொன்னது. புதிய மருந்து தொடங்கிய பின் செலவு மாறினால் தேதியோடு குறித்துக்கொண்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

மனச்சோர்வு காலத்தில்

இங்கே ஆபத்து செலவில் இல்லை, செய்யாமல் விடுவதில் இருக்கிறது. பில் கட்டப்படாது, கடிதம் பிரிக்கப்படாது, தாமதக் கட்டணம் ஏறும். தானியங்கிப் பிடித்தம் இதில் பெரும்பகுதியைக் காப்பாற்றும். மீதிக்கு ஒரு பெட்டி வையுங்கள். வரும் கடிதம் எல்லாம் பிரிக்காமலே அதில் போகட்டும். வாரத்தில் ஒருநாள் உடன்பாட்டில் உள்ளவர் வந்து பிரித்து, கடைசித் தேதி உள்ளவற்றை மட்டும் மேலே வைக்கட்டும். அன்று ஒரே ஒரு பில் கட்டினால் போதும்.

எழுச்சி அடங்கிய பிறகு கடனைப் பார்க்கும் வரிசை

கணக்கைப் பார்க்கும் அந்த நாள் மிகக் கடினமானது. கடனை நினைத்து உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எழுந்தால் கணக்கை மூடிவிட்டு, அந்த நிமிடமே ஒருவரிடம் சொல்லுங்கள், மருத்துவரையோ அவசர உதவியையோ நாடுங்கள். கடனுக்குத் தவணை மாற்ற முடியும், அது காத்திருக்கும். தனியாக உட்கார்ந்து பார்க்காதீர்கள்.

1. பெட்டி திறக்காத பொருள்களை முதலில் திருப்பி அனுப்புங்கள். திருப்பும் கெடு சில நாள்கள்தான். சந்தாக்கள், முன்பதிவுகளை ரத்து செய்யுங்கள்.
2. எல்லாக் கடனையும் ஒரே தாளில் எழுதுங்கள்: யாருக்கு, எவ்வளவு, வட்டி, தவணை நாள், அடமானம் உண்டா. உறவினரிடம் வாங்கியதையும் விடாதீர்கள்.
3. வாடகை, மின்சாரம், மருந்து, அடமானக் கடன் ஆகியவற்றைத் தனியே பிரித்து வையுங்கள். வீட்டையும் உடலையும் காப்பவை இவை. அதிகம் மிரட்டுகிறவர் என்பதற்காக யாரும் இவற்றுக்கு முன்னால் வரக் கூடாது.
4. கடன் கொடுத்தவர்களிடம், தவணை தவறும் முன்பே பேசுங்கள்.

கார்டில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டுவது எப்படி மாட்டிவைக்கிறது என்று பாருங்கள். 1,00,000 பாக்கி, மாத வட்டி 3 சதவீதம் என்றால் 1,03,000 ஆகும். அதில் 5 சதவீதம், அதாவது 5,150 கட்டினால் பாக்கி 97,850. இப்படியே போனால், புதிதாக ஒன்றுமே வாங்காமல் இருந்தாலும், கடன் பாதியாகக் குறைய இரண்டரை ஆண்டுக்கு மேல் ஆகும். கார்டில் ரொக்கம் எடுத்திருந்தால் பெரும்பாலும் எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும்.

அதிக வட்டிக் கடனை முதலில் அடைப்பதுதான் கணக்குப்படி லாபம். ஆனாலும், சிறிய கடன்கள் இரண்டு மூன்றை முதலில் முடித்துவிட்டு அதிக வட்டிக்குப் போவதே பைபோலார் உள்ளவர்களுக்குப் பொருந்தும் என்பது எங்கள் கருத்து. சோர்வு வரும்போது எட்டுத் தவணை நாள்களை நினைவில் வைப்பதைவிட நான்கை வைப்பது எளிது. தவறவிட்ட தவணைகளின் அபராதம், வட்டியில் மிச்சமானதைத் தின்றுவிடும்.

போனில் பேச எழுதிவைத்துப் படியுங்கள்: "எனக்கு மருத்துவச் சிகிச்சை நடக்கிறது. இப்போது மாதம் இவ்வளவுதான் கட்ட முடியும். மூன்று மாதத்துக்கு வட்டியையும் தாமதக் கட்டணத்தையும் நிறுத்திவைக்க முடியுமா? பதிலை எழுத்தில் அனுப்புங்கள்." பேசியவர் பெயர், தேதி, நேரம் குறித்துக்கொள்ளுங்கள். நோயின் பெயரைச் சொல்வதா என்பது உங்கள் விருப்பம். சிகிச்சையை உறுதிப்படுத்தும் மருத்துவர் கடிதம் இருந்தால் பேச்சுக்கு வலு கூடும். சில நாடுகளில் சட்டமே இதற்கு இடம் தருகிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021 மே முதல், மனநல நெருக்கடிக்குச் சிகிச்சை பெறுபவரின் தகுதியான கடன்களுக்கு, சிகிச்சை முடிந்து 30 நாள் வரை வட்டியையும் வசூல் நடவடிக்கையையும் நிறுத்திவைக்க முடிகிறது. உங்கள் நாட்டில் என்ன உண்டு என்று இலவசக் கடன் ஆலோசனை மையத்தில் கேளுங்கள். முன்பணம் கேட்டுக் கடனைத் தீர்த்துத் தருவதாகச் சொல்பவர்களை நெருங்கவிடாதீர்கள். பழைய கடனை அடைக்கப் புதிய கடன், ஓய்வூதியச் சேமிப்பை உடைப்பது போன்ற முடிவுகளை, தூக்கம் சீராகி சில வாரம் ஆகும்வரை தள்ளிப்போடுங்கள்.

குடும்பத்தார் மொத்தக் கடனையும் அடைக்க முன்வந்தால், அதற்கு முன் அந்தக் கார்டுகளை வங்கியில் சொல்லி மூடிவிடுங்கள். பாக்கி பூஜ்யமாகி, வரம்பு மட்டும் அப்படியே திறந்திருக்கும் கார்டுதான் அடுத்த எழுச்சியில் முதலில் கையில் சிக்கும்.